கவிழ்ந்த சீட்டு: எதிராளியின் கையை ஊகித்தலும் புனைகதையும்

சூதாட்டத்தைப் பொருளாகக் கொண்ட கதைகள், ஆடுபவன் தன் எதிராளியின் கையிலுள்ள சீட்டுகளை எவ்வாறு அறிகிறான் என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் ஒரே விடையையே தருகின்றன. எதிராளியின் முகத்தைப் பார்த்து அறிகிறான் என்பதே அவ்விடை. கண் இமைக்கிறது, விரல் நடுங்குகிறது, கதாநாயகன் புன்னகைக்கிறான், மறைந்திருந்த சீட்டு அவன் நினைத்தவாறே வெளிப்படுகிறது. போக்கர் ஆட்டம் இடம்பெறும் கதைகளிலும் திரைப்படங்களிலும் இக்காட்சி சலிப்புத் தருமளவுக்குத் திரும்பத் திரும்ப வருகின்றது. றிச்சர்ட் ஜெசப் 1963 இல் எழுதிய 'த சின்சினாற்றி கிட்' என்ற நாவலும், அதனைத் தழுவி நோர்மன் ஜுவிசன் நெறிப்படுத்தி 1965 இல் வெளிவந்த திரைப்படமும் இவ்வழக்கத்தினின்றும் விலகியவை. ஆயினும் அத்திரைப்படத்தின் இறுதி ஆட்டத்தைப் பற்றிக் காலந்தோறும் கூறப்பட்டுவரும் குறைகள், அவ்விலகலைச் சரிவர உணராமையினால் எழுந்தவையாகவே தோன்றுகின்றன. எதிராளியின் கையை ஊகித்தல் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் அக்காட்சியை மதிப்பிடுதல் இயலாது.

நமது மரபில் சூதுக்குக் குறைவில்லை. ஆனால் பாரதத்துச் சூது முழுவதும் வெளிப்படையான சூதாகும். சகுனி உருட்டும் காய் சபையோர் அனைவரும் காண விழுகின்றது. வஞ்சனை இருப்பின் அது உருட்டும் கையில் உள்ளதேயன்றி, தருமனுக்கு மறைக்கப்பட்ட ஓர் எண்ணில் இல்லை. நளன் கதை இதனிலும் ஒருபடி நுட்பமானது. வனபர்வத்தில் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இரு கிளைகளில் 2095 கனிகள் உள்ளன என்கிறான். நளன் மரத்தை வீழ்த்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அக்கலையைப் பெற்றபின்னரே கலி அவனை விட்டு நீங்குகின்றது. புகழேந்தியும் நளவெண்பாவின் கலிநீங்கு காண்டத்தில் இந்நிகழ்ச்சியைப் பாடியுள்ளார். தான்றிக் காய்களே பழங்காலத்துச் சூதுக் காய்களாகவும் பயன்பட்டன என்பதை எண்ணும்போது, மரத்தை எண்ணும் அறிவும் சூதாடும் அறிவும் ஒன்றாகக் கருதப்பட்டமை வியப்பளிக்காது. எனினும் மரத்துக்கு மனம் இல்லை. தன் கனிகளை அது மறைப்பதுமில்லை, உள்ளதைக் கூட்டிக் காட்டுவதுமில்லை. எண்ணுபவனுக்கு எதிரே எண்ணப்படுபவன் ஒருவன் அமர்ந்து, தான் எண்ணப்படுவதை அறிந்து செயற்படும் நிலை சீட்டாட்டத்தோடுதான் வருகின்றது.

இந்நிலை ஈழத்து வாசகருக்குப் புதியதன்று. முந்நூற்று நாலு ஆடியவர் எவரும், கவிழ்த்து வைக்கப்பட்ட துரும்பு எவ்வினத்தது என்பதை, கேட்டவரின் கேள்வி எவ்வளவு உயர்ந்தது, அவர் எதை இறக்குகிறார், எதை இறக்கத் தயங்குகிறார் என்பவற்றைக் கொண்டு ஊகித்தே இருப்பர். அங்கு 32 சீட்டுகளே உண்டு. ஆட்டம் முடிவதற்குள் ஊகம் சரியோ பிழையோ என்பது தெரிந்துவிடும்.

இவ்வகை ஊகத்துக்கு மேலைப் புனைகதையில் முதன்முதலாக ஒரு கொள்கை வகுத்தவர் எட்கர் அலன் போ எனலாம். 1841 இல் வெளிவந்த 'றூ மோர்க் கொலைகள்', துப்பறியும் கதையின் தோற்றுவாயாகப் போற்றப்படுவது. அக்கதை கொலையுடன் தொடங்கவில்லை. விஸ்ற் என்னும் சீட்டாட்டத்தைப் பற்றிய ஒரு சிறு ஆராய்ச்சியுடன் தொடங்குகின்றது. சதுரங்கத்தில் தோற்பவன் பெரும்பாலும் கவனக்குறைவினால் தோற்கிறான் என்றும், பகுத்தறியும் ஆற்றலின் உண்மையான களம் விஸ்ற் போன்ற ஆட்டமே என்றும் போ வாதிடுகிறார். தேர்ந்த ஆட்டக்காரன் பங்காளியின் முகத்தையும் எதிரிகளின் முகங்களையும் நோக்குகிறான். அவர்கள் சீட்டுகளைக் கையில் அடுக்கும் முறையையும், வென்ற சீட்டுகளை வாரியெடுக்கும் பாங்கையும், தவறி விழுந்த ஒரு சொல்லையும் கவனிக்கிறான். இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் ஒவ்வொருவர் கையிலும் உள்ளதை அவன் அறிந்துகொள்கிறான். பின்னர் எல்லாச் சீட்டுகளும் தன்பக்கம் திருப்பி வைக்கப்பட்டாற்போல ஆடுகிறான். கதையின் பிற்பகுதியில் டூப்பின் செய்வதும் இதுவே.

போவின் வருணனை அழகானது. அது விஸ்ற்றைப் பொறுத்தவரை பெருமளவுக்கு உண்மையானதும் ஆகும். 52 சீட்டுகளும் நால்வருக்கும் பங்கிடப்பட்டுவிடுகின்றன. இறக்கப்பட்ட இனத்தைத் தொடர்ந்து இறக்குதல் விதியாகையால், ஒவ்வோர் இறக்கமும் ஒரு கட்டாயச் சாட்சியமாகின்றது. பதின்மூன்றாவது சுற்றில் எதுவும் மறைந்திருப்பதில்லை. துப்பறியும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் கிடைத்தல் அரிது. கொலையாளி ஒருவன் உளன். அவன் யார் என்பதற்கு ஒரே விடைதான் உண்டு. இறுதி அத்தியாயம் அவ்விடையை வெளியிட்டே தீரும்.

போக்கர் இவ்வுருவகத்தை உடைக்கின்றது. அங்கு எந்தச் சீட்டையும் வெளியிடும் கட்டாயம் ஆடுபவனுக்கு இல்லை. பந்தயம் கட்டுதல், உயர்த்துதல், ஒப்புக்கொள்ளுதல், விலகுதல் என்பனவே அவன் பேசும் மொழி. அம்மொழியில் பொய் சொல்வதற்கு விதியே இடமளிக்கின்றது. எதிராளி விலகினால் வென்றவன் தன் சீட்டுகளைக் காட்ட வேண்டியதில்லை. எத்தனையோ ஆட்டங்கள் இவ்வாறே முடிகின்றன. விலகியவன் தான் செய்தது சரியா பிழையா என்பதை ஒருபோதும் அறிவதில்லை. புனைகதையாளர் பெரும்பாலும் மறந்துவிடும் உண்மை இது. கதை சீட்டைத் திருப்பிக் காட்டிவிடுகின்றது. காட்டியவுடன் முன்னர் நிகழ்ந்த ஊகம் அனைத்தும் சரி அல்லது பிழை என்ற இரு கூடைகளுக்குள் விழுந்துவிடுகின்றது.

எதிராளியின் கையில் இன்ன சீட்டுத்தான் உண்டு என்று கூறுவது தேர்ந்த போக்கர் ஆட்டக்காரனின் தொழிலன்று. எவ்வெவை இருக்கலாம், அவற்றுள் எது எத்துணை எடையுடையது என்பதையே அவன் மனத்தில் வைத்திருக்கிறான். ஐந்து சீட்டுக் கைகள் 25,98,960 வகைப்படும். அவற்றை ஒவ்வொன்றாக எவரும் நினைப்பதில்லை. ஆனால் கூட்டங்கூட்டமாக நினைக்கலாம். பிற்காலத்தில் பரவிய டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒருவருக்கு மறைவில் இருப்பவை இரண்டு சீட்டுகளே. அவை 1,326 விதமாக அமையலாம். ஏஸும் கிங்கும் சேர்ந்து வருதல் 16 விதம். இரு கிங்குகள் வருதல் 6 விதம். மேசையில் ஒரு கிங் விரிக்கப்பட்டவுடன் முதலாவது 12 ஆகவும் இரண்டாவது 3 ஆகவும் சுருங்குகின்றன. ஊகிப்பவனின் கையிலேயே ஓர் ஏஸ் இருக்குமாயின் அந்தப் 12 மேலும் 9 ஆகின்றது. தன் கையும் எதிராளியின் கையைப் பற்றிய சாட்சியமாகின்றது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பின்னர் எதிராளியின் ஒவ்வொரு பந்தயமும் இவ்வெண்களுக்கு எடை ஏற்றுகின்றது அல்லது குறைக்கின்றது: இத்தகைய கையுடன் இவன் இவ்வாறு செய்வானா என்ற வினா ஒவ்வொரு கூட்டத்தை நோக்கியும் கேட்கப்படுகின்றது. முகத்தின் சாட்சியத்தையும் இக்கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அது பல சாட்சிகளுள் ஒன்றே. பயிற்றப்பட்ட சாட்சி என்பதால் ஐயத்துக்குரியதுங்கூட.

பொய்ப் பந்தயத்தின் இடத்தைக் கணித நெறிநின்று முதலில் விளக்கியவர் ஜோன் வொன் நொய்மன் ஆவார். ஆட்டங்களைப் பற்றிய அவரது கட்டுரை 1928 இல் வெளிவந்தது. ஒஸ்கார் மோர்கென்ஸ்ரேர்ணுடன் இணைந்து 1944 இல் வெளியிட்ட பெருநூலில் போக்கருக்குத் தனிப் பகுதியே ஒதுக்கப்பட்டது. அவர் கண்ட முடிவு புனைகதையாளரின் கற்பனைக்கு எதிரானது. பொய்ப் பந்தயம் துணிவின் வெளிப்பாடோ தந்திரக்காரனின் குணமோ ஆகாது. நல்ல கையுடன் மாத்திரம் பந்தயம் கட்டுபவனின் பந்தயத்தை எவரும் ஒப்புக்கொள்ளார் ஆகையால், ஒரு குறித்த அளவுக்குத் தீய கையுடனும் பந்தயம் கட்டுதல் ஆட்டத்தின் தேவையாகின்றது. பொய் அகப்பட்டுக்கொண்டாலும் அது வீணன்று. அடுத்த முறை உண்மைக்கு விலை கிடைக்க அது வழி செய்கின்றது. சுருங்கக் கூறின், எதிராளி தன்மீது கொண்டிருக்கும் ஊகம் குறுகிவிடாமற் காத்தலே பொய்ப் பந்தயத்தின் முதற்பயன்.

இவ்விளக்கங்களின் பின்னணியில் 'சின்சினாற்றி கிட்' திரைப்படத்தை நோக்குதல் வேண்டும். கதை 1930களின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நிகழ்கின்றது. கிட் எனப்படும் இளைஞனாக ஸ்ரீவ் மக்குவீனும், யாராலும் வெல்லப்படாத முதிய ஆட்டக்காரனான லான்சி ஹவாட் ஆக எட்வேட் ஜீ. றொபின்சனும் நடித்தனர். ஆடப்படுவது ஐந்து சீட்டு ஸ்டட். இத்தெரிவு முக்கியமானது. இவ்வாட்டத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகள் வெளியே தெரியும். மறைவில் இருப்பது ஒன்றே. இரு மனிதரின் வாழ்வு முழுவதும் ஒரு சீட்டின் முதுகுக்குப் பின்னே ஒதுக்கப்படுகின்றது.

இறுதிக்கு முன்னரே படம் ஊகத்தின் இயல்பை நுட்பமாகக் காட்டிவிடுகின்றது. லான்சிமீது பகைகொண்ட செல்வந்தனான சிலேட், சீட்டுப் போடும் சூற்றரை மிரட்டிக் கிட்டுக்குச் சாதகமாகச் சீட்டுகளைப் போடச் செய்கிறான். கிட் அதனைக் கண்டுகொள்கிறான். தனக்குத் தேவையான சீட்டு வேண்டியபோதெல்லாம் வந்து சேர்வதிலிருந்தே, தன் நண்பன் நேர்மை தவறிவிட்டான் என்பது அவனுக்குப் புலப்படுகின்றது. நற்பேற்றைச் சந்தேகிக்கத் தெரிந்தவனே எண்களை உணர்ந்தவன். சூற்றரை விலக்கிச் சீட்டுப் போடும் பொறுப்பை லேடி ஃபிங்கர்ஸ் என்பவளிடம் விடச்செய்து, தனக்குக் கிடைக்கவிருந்த வெற்றியை அவன் துறக்கிறான். இதன் பின்னரே இறுதி ஆட்டம் நிகழ்கின்றது என்பதை அக்காட்சியைக் குறைகூறுவோர் பொருட்படுத்துவதில்லை.

இறுதி ஆட்டத்தில் கிட்டுக்கு வெளியே தெரிபவை இரு ஏஸ்களும் இரு பத்துகளும். மறைவில் மூன்றாவது ஏஸ். ஆக அவன் கை மூன்றும் இரண்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ். லான்சிக்கு வெளியே தெரிபவை டயமண்ட் இனத்து எட்டு, ஒன்பது, பத்து, ராணி. பந்தயம் உயர்கின்றது. கிட் கையிலிருந்த பணம் முழுவதையும் இட்டு, அதற்கு மேலும் கடன்பட்டு ஒப்புக்கொள்கிறான். லான்சி தன் சீட்டைத் திருப்புகிறான்: டயமண்ட் ஜாக். ஓரினத்தில் தொடர்ந்து வரும் ஐந்து.

இக்காட்சியைப் பற்றி இருவகைக் கண்டனங்கள் உண்டு. இத்தகைய இரு கைகள் ஒரே ஆட்டத்தில் எதிர்ப்படுதல் நம்பத்தகாத தற்செயல் என்பது ஒன்று. போக்கர் அறிந்தவர்கள் இதனையே பெரிதும் வற்புறுத்துவர். இளமையின் செருக்கு முதுமையின் பட்டறிவுக்கு முன் வீழ்ந்தது, கிட் நிதானமிழந்து ஆடினான் என்பது மற்றது. மேசையிலுள்ள பணத்துக்கு மேல் ஒருவனைப் பந்தயத்துக்கு இழுத்தல் வழக்கத்துக்கு மாறானது என்ற மூன்றாவது குறை நியாயமானதே. ஆனால் அது விதியைப் பற்றியது, கதையின் உயிரைத் தொடுவதன்று.

முதலாவது கண்டனம் தவறான இடத்திலிருந்து கணக்கிடுகின்றது. சீட்டுப் போடுமுன் இரு கைகளும் இவ்வாறு அமையும் எனப் பந்தயம் கட்டுபவனுக்கே அந்தப் பேரெண் பொருந்தும். கிட் அமர்ந்திருக்கும் இடம் வேறு. அவன் தன் ஐந்து சீட்டுகளையும் லான்சியின் நான்கையும் காண்கிறான், காணாதவை 43. அவற்றுள் அவனை வெல்லக்கூடியது டயமண்ட் ஜாக் ஒன்றே. வேறு டயமண்ட் ஏதேனும் மறைந்திருந்தால் லான்சிக்கு ஃபிளஷ். அவ்வாறான சீட்டுகள் ஏழெட்டு. வேறு இனத்து ஜாக்குகள் மூன்றும் ஸ்ட்ரெயிட் தரும். இவை யாவும் ஃபுல் ஹவுஸுக்குத் தோற்பவை. மற்றவை வெறுங்கை. சீட்டை மாத்திரம் நோக்கினால் ஆபத்து 43 இல் 1.

ஆனால் லான்சி பந்தயத்தை உயர்த்தியிருக்கிறான்; எடைகள் மாறவேண்டும். டயமண்ட் ஜாக் இருந்தால் அவன் நிச்சயம் உயர்த்துவான். ஃபிளஷ் இருந்தால்? லான்சி பக்கத்திலிருந்து நோக்கின், கிட்டுக்கு ஃபுல் ஹவுஸ் தரக்கூடியவை வெளிவராத இரு ஏஸ்களும் ஒரு பத்தும் ஆகிய மூன்று சீட்டுகளே. எனவே ஃபிளஷ் உடையவன் உயர்த்துதல் மடமையாகாது. கிட்டுக்குப் பாதகமாகவே கணக்கிட்டு, ஃபிளஷ் தரும் சீட்டுகள் எட்டெனக் கொண்டு, அத்தகைய கையுடன் லான்சி நான்கில் ஒரு தடவையே உயர்த்துவான் என்றும், ஸ்ட்ரெயிட்டுடன் உயர்த்தவே மாட்டான் என்றும், வெறுங்கை தரும் முப்பத்தொரு சீட்டுகளுள் ஒன்றின் அளவுக்கே பொய்ப் பந்தயம் கட்டுவான் என்றும் வைத்துக்கொண்டால், உயர்த்துதலுக்குரிய மொத்த எடை நான்கு. அதில் டயமண்ட் ஜாக்கின் பங்கு ஒன்று. 43 இல் ஒன்றாக இருந்த ஆபத்து நான்கில் ஒன்றாக வளர்ந்துவிடுகின்றது. அது சிறிய மாற்றமன்று. அவ்வளர்ச்சிக்குப் பின்னரும் நான்கில் மூன்று தடவை கிட்டே வெல்வான். அவன் விலகியிருந்தாலே அது பிழையாகியிருக்கும்.

இங்கு இரண்டாவது கண்டனமும் தளர்கின்றது. கிட் செருக்கினால் தோற்றான் என்போர், திருப்பப்பட்ட சீட்டைக் கண்டபின் பேசுகின்றனர். அச்சீட்டு களாவர் இரண்டாக இருந்திருப்பின், அதே முகத்தையும் அதே அசைவுகளையும் சான்றுகாட்டி, இளமையின் துணிவு முதுமையின் வஞ்சத்தை வென்றதென அவர்களே எழுதியிருப்பர். மக்குவீனின் நடிப்பில் மாறவேண்டியது எதுவும் இல்லை.

அவ்வாறாயின் லான்சியின் வெற்றி வெறும் பேறுதானா? படம் தரும் விடை ஆழமானது. கை இன்னும் முழுமைபெறாத ஒரு கட்டத்திலேயே, கிட்டின் பத்துச் சோடி வெளியே தெரிந்திருக்கவும், லான்சி பந்தயத்தை உயர்த்தியிருந்தான். ஆட்டம் முடிந்தபின் அங்கிருந்த ஒருவர் அதனை வியந்து கேட்கிறார். பிழையான நகர்வைச் சரியான வேளையில் செய்வதே இவ்வாட்டத்தின் சாரம் என்ற கருத்துப்பட லான்சி விடையிறுக்கிறான். இவ்வுரையை ஆணவப் பேச்சாகவோ மாயாவாதமாகவோ கொள்வோர் உண்டு. வொன் நொய்மனின் கருத்தோடு இணைத்து நோக்கின் அது தொழில்நுட்ப உண்மையாகவே விளங்குகின்றது. அரைகுறைக் கையுடன் வெளியே தெரியும் சோடிக்கு எதிராக உயர்த்துதல் நியாயமற்ற செயல். நியாயமற்றதாகையால், நியாயமாகச் சிந்திக்கும் கிட் அவ்வகைக் கைகளுக்குக் குறைந்த எடையே கொடுத்திருப்பான். லான்சியிடம் ஏதோ ஓர் உயர்ந்த சோடி முன்னரே அமைந்துவிட்டது என்பதே இயல்பான ஊகம். லான்சி தன் எதிராளியின் ஊகத்துக்கு வெளியே ஓர் அடி எடுத்துவைத்து, அங்கேயே நின்று காத்திருக்கிறான். அவ்வடிக்கு அவன் பலமுறை விலை கொடுத்திருக்கவும் வேண்டும். அவ்விழப்புகளைப் படம் காட்டவில்லை.

ஜுவிசனின் கமரா இவ்வுண்மையை முழுதாக நம்பவில்லை என்பதும் கூறப்படவேண்டும். லான்சியின் முதுமையும் களைப்பும் மீண்டும் மீண்டும் நினைவூட்டப்படுகின்றன. அண்மைக் காட்சிகள் கண்களையும் விரல்களையும் துருவுகின்றன. போவின் மாணவனாகவே கமரா தொழிற்படுகின்றது. பார்வையாளன் முகத்தில் விடையைத் தேடப் பழக்கப்படுகிறான். ஆனால் றொபின்சனின் முகம் எதையும் தருவதில்லை. தேடப் பழக்கிவிட்டுத் தேடியதை மறுப்பது இயக்குநரின் திட்டமா, நடிகரின் அடக்கமா என்பது விவாதத்துக்குரியது. எதுவாயினும் படத்தின் வலிமை அதிலேயே தங்கியிருக்கின்றது.

முகத்தின் இடம் எத்துணைச் சிறியது என்பதற்குப் பிற்காலச் சான்றும் உண்டு. 2017 சனவரியில் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள சூதாட்டகம் ஒன்றில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய லிப்றாற்றஸ் என்னும் கணினி நிரல், இருவர் ஆடும் ஹோல்டெம் ஆட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 ஆட்டங்களில் எதிர்த்து வென்றது. அதற்குப் பார்ப்பதற்குக் கண் இல்லை. பார்க்கப்படுவதற்கு முகமும் இல்லை. எதிராளியிடம் இருக்கக்கூடிய கைகள், தன்னிடம் இருப்பதாக எதிராளி எண்ணக்கூடிய கைகள் ஆகியவற்றின் எடைகளை வைத்தே அது ஆடியது. போவின் ஆட்டக்காரன் இம்மேசையில் அமர்ந்திருந்தால் அவன் எதனை நோக்கியிருப்பான் என எண்ணிப் பார்க்கலாம்.

படத்தின் குறை இறுதி ஆட்டத்தில் இல்லை. அதற்குப் பின்னரே வருகின்றது. தொடக்கத்தில் தெருவில் சப்பாத்துத் துடைக்கும் சிறுவன் ஒருவனுடன் நாணயம் எறிந்து ஆடிக் கிட் வெல்கிறான். மேசையில் தோற்று வெளியேறும் அவன், அதே சிறுவனிடம் அதே ஆட்டத்தில் தோற்கிறான். உருவ அமைதியை விரும்புவோர் இதனைப் பாராட்டலாம். ஆயின் நாணய ஆட்டத்தில் மறைந்த சீட்டு இல்லை, ஊகம் இல்லை, எறியும் கை மாத்திரமே உண்டு. அங்கும் அவன் தோற்கும்போது, மேசையில் நிகழ்ந்தது சரியான முடிவின் தோல்வி என்பது மறைந்து, தோற்கப் பிறந்தவன் ஒருவனின் கதையாக அது சுருங்கிவிடுகின்றது. லான்சியின் வாயினால் உரைத்ததனைப் படமே சில நிமிடங்களுக்குள் மறந்துவிட்டது.